ஊட்டுபுரைக் கணக்கும் எங்கள் வீட்டு நோட்டும்



எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. என் தாத்தாவின் சித்தப்பா ஒருவர் பெரிய சாப்பாட்டுப் பிரியர். காலையில் ஓர் ஊட்டுபுரையில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, 'நான் வழிப்போக்கன், வடக்கே போகிறேன்' என்று சொல்லிக் கிளம்புவாராம். சாயங்காலம் அடுத்த ஊர் ஊட்டுபுரையில், 'நான் வழிப்போக்கன், தெற்கே போகிறேன்' என்று உட்காருவாராம். வருஷத்தில் பாதி நாள் வீட்டில் அவருக்கு உலை வைத்ததே இல்லை என்பாள் பாட்டி.

போன வருஷம் சாஸ்தா ப்ரீதிக்காக உறவினர்கள் எல்லோரும் பூர்வீக கிராமத்தில் கூடியபோது இந்தக் கதையை நான் மறுபடியும் சொன்னேன். வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். பெங்களூரில் ஆடிட்டராக இருக்கும் என் பேத்தி மட்டும் சிரிக்கவில்லை. "தாத்தா, யார் பணத்தில் சாப்பிட்டார் அவர்?" என்று கேட்டாள். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் படித்ததையும், பிறகு எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே கண்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எல்லை இல்லாத காலம்

மும்பையிலும் டில்லியிலும் வளர்ந்த இளைய அங்கத்தினர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கன்யாகுமரி போகும் சாலையில் நெய்யாற்றின்கரை, அமரவிளை, பாறசாலை, அப்புறம் களியக்காவிளை. பாறசாலை கேரளம், களியக்காவிளை தமிழ்நாடு. இந்த எல்லை 1956 நவம்பர் 1-ஆம் தேதி போட்டது. அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து கன்யாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது.

அதற்கு முன்னால் எல்லாம் ஒரே திருவிதாங்கூர். பிரிட்டிஷ் சீமை தொடங்கியது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால்தான். திருநெல்வேலியிலிருந்து நம்மவர்கள் அந்தக் கணவாய் வழியே நடந்தும் மாட்டு வண்டியிலும் வந்தார்கள். இந்தப் பக்கத்துக்கு ரயில் வந்ததே 1979-இல்தான். வேதம் சொல்ல, கோயிலில் பரிகர்மம் செய்ய, கச்சேரியில் உத்தியோகம் பார்க்க, தேஹண்டம் செய்ய என்று வந்தவர்கள் பலர். கையில் ஒன்றும் இல்லாமல், 'அங்கே போனால் சாப்பாடாவது கிடைக்கும்' என்று வந்தவர்களும் பலர். அந்தச் சாப்பாட்டைப் போட்டவைதான் ஊட்டுபுரைகள்.

தர்ம பூமி

இந்த மண்ணில் அன்னதானம் மிகப் பழையது. முஞ்சிறைக்கு அருகில் உள்ள பார்த்திவபுரத்தில் கி.பி. 866-இல் ஆய் வேந்தன் கருநந்தடக்கன் ஒரு விஷ்ணு கோயிலும், 95 சட்டர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் ஏற்படுத்தினான். ஹஜூர் கச்சேரியில் இருந்த செப்பேடுகள் இதைச் சொல்கின்றன. அந்தச் செப்பேடு தானத்தை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. அங்கே சாப்பிடுகிறவர் எப்படி நடக்க வேண்டும், நடக்காவிட்டால் என்ன தண்டனை என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. தர்மம் செய்தவனுக்கு, அது கெட்டுப்போகக்கூடும் என்பதும் தெரிந்தே இருந்திருக்கிறது!

பிற்காலத்தில் மார்த்தாண்ட வர்மா மகாராஜா 1750-இல் ராஜ்யத்தை ஸ்ரீபத்மநாபனுக்குச் சமர்ப்பித்து, பத்மநாப தாசராக ஆண்டார். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை 56 நாள் முறஜபம். அதோடு முக்கியமான வழிகளில் ஊட்டுபுரைகள். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அங்கே ஊட்டுபுரை மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பேருக்குக் குறையாமல் ஒரே பந்தியில் அமரக்கூடிய இரண்டு தள மாளிகை. பெரிய பெரிய ஊறுகாய்ப் பரணிகள் இன்றும் இருக்கின்றன. ஸாமுவேல் மேட்டீர் என்ற லண்டன் மிஷன் பாதிரியார் 1871-இல் திருவிதாங்கூரைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது அதற்கு 'தர்ம பூமி' என்று பொருள்படும் பெயரையே வைத்தார். அதில் பாராட்டும் உண்டு, குத்தலும் உண்டு.

குத்தல் ஏன் என்றால், இந்த இலைகள் பிராமணர்களுக்கு மட்டுமே போடப்பட்டவை. செலவோ சர்க்கார் கஜானாவுடையது. கஜானாவுக்குப் பணம் வந்தது பெரும்பாலும் நிலவரியிலிருந்து. நெல் விளைவித்தவனும் வரி கட்டியவனும் ஊட்டுபுரைத் திண்ணையில்கூட ஏற முடியாது. என் பேத்தியின் கேள்விக்கு முதல் பதில் இதுதான்: சித்தப்பா தாத்தா சாப்பிட்டது மகாராஜா பணம் என்று அவர் நினைத்தார், உண்மையில் அது பாறசாலைப் பக்கத்து உழவன் பணம்.

ஒழுகின இடம்

சர்க்கார் அரிசி எங்கே ஒழுகிற்று என்பதைச் சமையல்கட்டுப் பக்கம் இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் பாட்டியின் தகப்பனார் ஏதோ ஓர் ஊட்டுபுரையில் கலவறைக் கணக்குப் பார்த்தவர். எந்த ஊர் என்பது இங்கே வேண்டாம்.

அந்த நாள் அளவு நாழி, இடங்கழி, பறை. நான்கு நாழி ஓர் இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. கலவறைக்கு அரிசி வரும்போது குவித்து அளப்பார்களாம். மடப்பள்ளிக்குக் கொடுக்கும்போது தலைதட்டி அளப்பார்களாம். இடையில் நிற்கும் குவியல் கணக்கில் ஏறாது. இது முதல் வழி.

இரண்டாவது வழி இலைக் கணக்கு. எத்தனை இலை விழுந்ததோ அத்தனை பேருக்கு அரிசி. ஆனால் எச்சில் இலையை எண்ணிப் பார்க்க யார் வருவார்கள்? நாற்பது பேர் சாப்பிட்டால் அறுபது என்று எழுதலாம். தாசில்தார் பார்வையிட வரும் தினம் முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று அக்கம்பக்கத்து வீடுகளில் அடுப்பு மூட்டாமல் எல்லோரும் வந்து பந்தியை நிரப்புவார்கள். மூன்றாவது, மோரில் தண்ணீர். அதை விவரிக்க வேண்டியதில்லை.

இதில் யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொடுத்த மகாராஜா தூரத்தில் இருக்கிறார். அளப்பவரே எழுதுகிறார். சாப்பிடுகிறவர் இலவசமாகச் சாப்பிடுகிறவர். மோர் தண்ணீராக இருக்கிறதே என்று கேட்க வாய் வராது. எங்கள் சித்தப்பா தாத்தாவைப் போல அவரே 'வழிப்போக்கன்' என்று பொய் சொல்லி வந்தவராக இருந்தால் கேட்பது எப்படி? வரி கட்டினவனுக்கோ உள்ளே வரவே அனுமதி இல்லை.

கேட்டவர்கள்

ஆனாலும் கேட்கும் காலம் வந்தது. 1811-12-இல் ரெஸிடெண்டும் திவானுமாக இருந்த கர்னல் மன்றோ, ஊராளர் கையில் இருந்த கோயில் சொத்துக்கள் கெட்டுப்போகின்றன என்று சொல்லி 348 பெரிய தேவஸ்வங்களையும் 1,171 சிறிய தேவஸ்வங்களையும் சர்க்கார் வசம் எடுத்துக்கொண்டார். அதில் தர்மத்தைக் காப்பாற்றும் எண்ணம் எவ்வளவு, நிலவரியைப் பெருக்கும் எண்ணம் எவ்வளவு என்று இன்றும் வாதிக்கிறார்கள். எப்படியானாலும் தனியார் கையிலிருந்த ஒழுக்கல் சர்க்கார் சிப்பந்திகளின் கைக்கு மாறியதே தவிர நிற்கவில்லை.

1891 ஜனவரியில் 10,028 பேர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் போயிற்று. உயர்ந்த உத்தியோகமெல்லாம் பரதேசி பிராமணர்களுக்கே போகிறது என்பது அதன் முறையீடு. பரதேசி பிராமணர் என்றால் வேறு யாரும் இல்லை, நாம்தான். அந்தக் கோபத்துக்கு உத்தியோகம் முதல் காரணம் என்றாலும், இலவசச் சாப்பாடும் அதன் பின்னால் இருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் வேகம் கூடிற்று. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1904-இல், ஹிந்து மத தர்ம ஸ்தாபனங்களுக்கான ரெகுலேஷன் (கொல்லம் 1079-இன் மூன்றாம் ரெகுலேஷன்) வந்தது. நிர்வாகம் கெட்டுப்போன தர்மத்தை விசாரித்து சர்க்கார் ஏற்றுக்கொள்ள இது வழி செய்தது. அதே வருஷம் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் ஏற்பட்டது. ஜனங்களின் பிரதிநிதிகள் திவானுக்கு எதிரில் நின்று குறைகளைச் சொல்லும் வழக்கம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

கேள்வி கேட்டவர்களில் உரத்த குரல் நெய்யாற்றின்கரையிலிருந்தே வந்தது. அங்கே 1878-இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய 'ஸ்வதேசாபிமானி' பத்திரிகைக்கு 1906-இல் ஆசிரியரானார். சர்க்கார் பணம் எங்கே போகிறது என்று திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் அதிகாரிகளையும் விடாமல் கேட்டார். 1910 செப்டம்பர் 26 அன்று அச்சுக்கூடத்தைப் பறிமுதல் செய்து, அவரைக் கைது செய்து, ராஜ்யத்தை விட்டே வெளியேற்றித் திருநெல்வேலியில் கொண்டுபோய் விட்டார்கள். 1916-இல் கண்ணூரில் காலமானார். அவருடைய பேனாவில் கடுமை அதிகம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் கணக்குக் கேட்டவரை நாடு கடத்தினால், கணக்கு சரியாகிவிடுமா?

1919-இல் தொடங்கிய பௌர சமத்துவக் கிளர்ச்சி இன்னொரு முடிச்சை அவிழ்த்தது. கோயில் நிர்வாகம் ரெவின்யூ இலாகாவோடு சேர்ந்திருந்ததால், அந்த இலாகாவில் ஈழவர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேலை இல்லை என்று ஒதுக்கிவந்தார்கள். 1922-இல் மகாராஜா தேவஸ்வத்தைத் தனி இலாகாவாகப் பிரித்தார். தெய்வக் கணக்கு வேறு, வரிக் கணக்கு வேறு என்று ஆயிற்று. ஊட்டுபுரைகளும் காலப்போக்கில் குறைந்து மறைந்தன.

ஆரல்வாய்மொழிக்கு அப்பால்

இது மலையாள ராஜ்யத்தின் தனி வியாதி என்று எண்ண வேண்டாம். சென்னைச் சீமையில் பச்சையப்ப முதலியார் 1794-இல் தர்மங்களுக்கு உயில் எழுதிவைத்துக் காலமானார். சொத்து கையில் வந்தவர்களிடமிருந்து அதை மீட்டு, அவர் பெயரில் பள்ளிக்கூடம் திறக்க 1842 ஆயிற்று. இடையில் நாற்பத்தெட்டு வருஷம்!

1863-இல் பிரிட்டிஷ் சர்க்கார் கோயில்களிலிருந்து கை கழுவிக்கொண்டு தர்மகர்த்தாக்களிடமும் கமிட்டிகளிடமும் விட்டது. கேட்பாரில்லாமல் போன சொத்துக்களைக் காக்க, 1908-இல் சென்னையில் எஸ். சுப்பிரமணிய ஐயர் முதலானோர் தர்ம ரக்ஷண சபையை ஏற்படுத்தி, கோர்ட்டுக்குப் போய் நிர்வாகத் திட்டங்கள் வாங்கித் தந்தார்கள். அதே 1908 சிவில் புரொஸீஜர் கோட் 92-ஆம் பிரிவின்படி, ஒரு பொது தர்மத்தில் சம்பந்தமுள்ள இரண்டு பேர் சேர்ந்து, அட்வகேட் ஜெனரல் சம்மதத்தோடு வழக்குப் போட அப்போது வழி இருந்தது. 1920-ஆம் வருஷச் சட்டம் இன்னும் எளிதாக்கிற்று: சம்பந்தமுள்ள ஒருவரே மனுப் போட்டு, டிரஸ்டியிடம் விவரமும் ஆடிட்டும் கேட்கலாம். இவற்றை முன்னின்று நடத்தியவர்களில் நம்மவர் பலர் உண்டு. ஒழுகவிட்டவர்களிலும் நம்மவர் உண்டு. அடைக்கப் பாடுபட்டவர்களிலும் உண்டு.

பெட்டியில் இருந்த நோட்டு

இதையெல்லாம் படித்துவிட்டு, ஊருக்கு நியாயம் சொல்லும் தோரணையில் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் பேத்தி, கிராமத்து வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பழைய நோட்டு ஒன்றை என் முன்னால் வைத்தாள்.

எங்கள் குடும்பத்தில் துவாதசிக் கட்டளை ஒன்று இருந்தது. குழந்தை இல்லாமல் இளம் வயதில் விதவையான ஓர் அத்தைப்பாட்டி, தன் சீதன நிலத்தை எழுதிவைத்தாள். அதன் பாட்டத்திலிருந்து துவாதசிதோறும் பன்னிரண்டு பேருக்குப் பாரணைச் சாப்பாடு. பார்த்துக்கொண்டவர் என் தாத்தா. கொல்லம் 1088 தொடங்கி எட்டு வருஷத்துக் கணக்கு, முத்து முத்தான எழுத்தில்.

"தாத்தா, எல்லா துவாதசிக்கும் பன்னெண்டு இலைதானா? ஒரு தடவைகூட பதினொண்ணோ பதிமூணோ இல்லையே?" என்றாள்.

"கட்டளையே பன்னெண்டு பேருக்குத்தான்டி."

"சரி. எட்டு வருஷத்தில் ஒருத்தராவது வராம இருந்திருக்க மாட்டாரா? நெய்யாற்றில் வெள்ளம் வந்தப்போகூடவா? நிஜக் கணக்கு இவ்வளவு அழகா இருக்காது தாத்தா."

எனக்குக் கோபம்தான் வந்தது. தாத்தா மடியில் உட்கார்ந்து சஹஸ்ரநாமம் கற்றவன் நான். அவளைத் தப்பென்று காட்டுவதற்காகவே நோட்டை வாங்கிப் புரட்டினேன். 1093 கர்க்கடகம் வந்ததும் கை நின்றுவிட்டது. அந்த வருஷம், அதாவது 1918-இல், கர்க்கடக கிருஷ்ணபக்ஷ தசமியன்று தாத்தாவின் தாயார் காலமானார். அந்தத் திதியில் என் தகப்பனார் காலம் வரையில் வருஷா வருஷம் சிராத்தம் நடந்திருக்கிறது. எனக்கு மறக்காது. தசமிக்கு மூன்றாம் நாள் துவாதசி. நோட்டில் அன்றைக்கும் எழுதியிருக்கிறது: 'நம் கிருஹத்தில், இலை 12, அரிசி 3 இடங்கழி.'

தீட்டு வீட்டில், கர்மம் நடந்துகொண்டிருக்கும்போது, எந்தப் பிராமணர் வந்து பாரணை செய்திருப்பார்? பேத்திக்கு இந்த விஷயம் தெரிய நியாயமில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

நோட்டின் பின்பக்கத்தில் அதே வருஷத்துக் கடன் கணக்கும் இருந்தது. அத்தையின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன், சக்கரமும் பணமுமாகச் சிறுகச் சிறுக அடைத்திருக்கிறார். இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய் என்ற காலம் அது. பெண்ணைக் கரையேற்ற அந்த அரிசி உதவியிருக்கலாம். எட்டு வருஷமும் ஒருவருக்கும் சோறு போடவில்லை என்று நான் சொல்லவில்லை. பல துவாதசிகளில் போட்டிருப்பார். எத்தனை நாள், எத்தனை இலை என்று இப்போது யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அது முடியாமல் போனதுதான் நஷ்டம். பொய்யான ஒரு வரி, உண்மையான வரிகளையும் சேர்த்தே கெடுத்துவிட்டது.

அந்த நிலம் பின்னால் கைமாறிப்போயிற்று. இன்று அது எல்லைக்கு அப்பால் விளவங்கோடு தாலுகாவில் இருக்கிறது. 1956-இல் எல்லை பிரிந்தபோது தேவஸ்வத்துக்கான சர்க்கார் தொகையையே வருஷம் 46.5 லட்சம் கேரளத்துக்கும் 13.5 லட்சம் தமிழ்நாட்டுக்கும் என்று அரசியல் சாசனத்தின் 290-ஏ பிரிவில் எழுதிப் பிரித்தார்கள். பெரிய தர்மங்களுக்கு சாசனம் இருந்தது. எங்கள் அத்தைப்பாட்டியைப் போன்றவர்களின் சின்னக் கட்டளைக்கு வீட்டு மனிதர்களின் மனசாட்சி ஒன்றே சாசனம்.

இதைப் பிரசுரிக்க வேண்டாம் என்று என் தம்பி சொன்னார். "போனவரைப் பற்றி எதற்கு? ஊரில் எல்லோரும் செய்ததுதானே" என்றார். எல்லோரும் செய்ததுதான். ஆகையால்தான் எழுதுகிறேன். ஊட்டுபுரைக் கலவறைக்காரர் செய்தால் மோசடி, நம் தாத்தா செய்தால் கஷ்ட காலம் என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எழுதாமல் விட்டால், மூன்று தலைமுறை சிரித்த கதையை நானும் நாலாவது தலைமுறைக்குச் சிரித்துக்கொண்டே கொடுத்ததாக ஆகும்.

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் வீட்டில் ஏதாவது ஒரு கட்டளை, ஒரு வித்யா தானம், கிராமத்துக் கோயிலுக்கு ஒரு வைப்புநிதி இருக்கும். வட்டி எங்கே போகிறது என்று வருஷத்துக்கு ஒரு தரம் கேளுங்கள். நீங்களே பார்த்துக்கொள்பவராக இருந்தால், யாரும் கேட்பதற்கு முன் எழுதிக் காட்டுங்கள். எழுதுகிறவரும் செலவழிக்கிறவரும் ஒருவராகவே இருந்தால், கூட ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. நல்லவர் என்று பெயர் வாங்கியவருக்குத்தான் இது அதிகம் தேவை.

பன்னிரண்டு இலைக்கு மூன்று இடங்கழி. வருஷத்துக்கு இருபத்துநான்கு துவாதசி என்று வைத்தால் ஏழு பறை இரண்டு இடங்கழி. எட்டு வருஷத்துக்கு ஐம்பத்தேழு பறை ஆறு இடங்கழி. பேத்திதான் கணக்குப் போட்டாள். எங்கள் குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்து இதைத் திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். கிராமத்தில் துவாதசிதோறும் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. இன்ன ஜாதி என்று கேட்பதில்லை. பசித்து வந்தவர் உட்காரலாம். தம்பியும் தன் பங்கை அனுப்பிவிட்டார். புது நோட்டு ஒன்று வாங்கியாயிற்று.

முதல் துவாதசியன்று நல்ல மழை. பன்னிரண்டு இலை நறுக்கி வைத்திருந்தோம். வந்தவர்கள் ஒன்பது பேர். நோட்டில் ஒன்பது என்று எழுதினேன். பக்கத்தில் பேத்தி கையெழுத்துப் போட்டாள்.